டெட்லாக்: கண்டுபிடிப்பதும் அவிழ்ப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பல த்ரெட்டுகள் (ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை ஓட்டங்கள்) ஓடும் ப்ரோக்ராமை எழுதுகிறவர்கள் டெட்லாக் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள், ஆள் மாறினாலும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் கோத்து வைப்பது மேல் என்று பட்டது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளியதில் தொடங்கிச் சிக்கலானதில் முடியும். பாதியில் நுழைகிறவர்கள் முந்தைய பதில்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

1. டெட்லாக்னா என்ன? பாடப் புத்தகம் மாதிரி இல்லாம, கோடுல எப்படி வருதுன்னு சொல்லுங்க.

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். இருப்புத்தொகை குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, கொடுக்கும் கணக்கின் லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடித்திருக்கக்கூடிய பூட்டு) முதலில் பிடிக்கிறது. அதை விடாமலே வாங்கும் கணக்கின் லாக்கையும் பிடிக்கிறது. தொகையை மாற்றிவிட்டு இரண்டையும் விடுகிறது. படித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இப்போது ஒரு த்ரெட் 101-லிருந்து 202-க்கு மாற்றப் போகிறது, அதே நேரத்தில் இன்னொன்று 202-லிருந்து 101-க்கு மாற்றப் போகிறது. முதல் த்ரெட் 101-ஐப் பிடித்தாயிற்று, இரண்டாவது 202-ஐப் பிடித்தாயிற்று. இனி முதலாவதற்கு 202 வேண்டும், இரண்டாவதற்கு 101 வேண்டும். கையில் இருப்பதை இரண்டுமே விடப்போவதில்லை.

அவ்வளவுதான் டெட்லாக். எக்ஸெப்ஷன் வராது, பதிவுக் கோப்பில் ஒரு வரியும் விழாது. இந்த இரண்டு கணக்கையும் தொட வரும் அடுத்தடுத்த த்ரெட்டுகள் அவற்றின் பின்னால் வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் த்ரெட் பூல், அதாவது வேலைகளை ஓட்ட வைத்திருக்கும் த்ரெட்டுகளின் தொகுப்பு, முழுக்க நின்றுவிடும். இரண்டே த்ரெட்டுகளின் சண்டை சர்வரையே முடக்குவது இப்படித்தான்.

2. ப்ரோக்ராம் தொங்கிடுச்சு. அது டெட்லாக்தான்னு எப்படி உறுதி பண்றது?

முதலில் சிபியூவைப் பாருங்கள். ஒரு கோர் முழுதாக எரிந்துகொண்டிருந்தால் அது டெட்லாக் இல்லை, பெரும்பாலும் முடிவில்லாத லூப். டெட்லாக்கில் மாட்டிய த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கும், சிபியூவைத் தொடாது. ஆனால் சிபியூ சும்மா இருக்கிறது என்பதை மட்டும் வைத்து டெட்லாக் என்று முடிவு கட்டவும் கூடாது. பதில் தராத நெட்வொர்க் அழைப்புக்கு டைம்அவுட் இல்லாமல் காத்திருக்கும் த்ரெட்டும் இதே மாதிரிதான் தெரியும்.

நம்பகமான வழி, பத்துப் பதினைந்து விநாடி இடைவெளியில் த்ரெட் டம்ப் (எல்லா த்ரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கின்றன என்ற பட்டியல்) இரண்டு மூன்று எடுத்து ஒப்பிடுவது. எல்லாவற்றிலும் அதே த்ரெட்டுகள், அதே வரியில், அதே லாக்குக்காக நின்றால் சந்தேகம் வலுக்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் உறுதி. டம்ப்புக்கு டம்ப் வரி மாறிக்கொண்டிருந்தால் அது வெறும் மந்தம். வரி மாறியும் வேலை நகரவில்லை என்றால் லைவ்லாக்காக இருக்கலாம், அதை 13-இல் பார்ப்போம்.

3. நாலு நிபந்தனைன்னு காலேஜ்ல மனப்பாடம் பண்ணோம். நிஜ வேலைக்கு அது உதவுமா?

உதவும். காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் 1971-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவை அந்த நான்கும். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாது. காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வருகிறது. நான்கும் சேர்ந்தால்தான் டெட்லாக்.

பரீட்சைக்கு நான்கையும் எழுத வேண்டும். வேலையில் கேட்க வேண்டியது, எதை உடைப்பது மலிவு என்பதுதான். கீழே வரும் தீர்வு ஒவ்வொன்றும் இந்த நான்கில் ஏதோ ஒன்றை உடைக்கிறது. லாக் வரிசை வட்டத்தை உடைக்கிறது. ட்ரைலாக், அதாவது லாக் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே இராமல் திரும்பிவிடும் முயற்சி, 'வைத்துக்கொண்டே காத்திருப்பதை' உடைக்கிறது. டேட்டாபேஸ் 'பிடுங்க முடியாது' என்பதை உடைக்கிறது. மாற்றவே முடியாத டேட்டா, அதாவது இம்யூட்டபிள் ஆப்ஜெக்ட், முதல் நிபந்தனையையே தேவையில்லாமல் ஆக்கிவிடுகிறது.

4. லைவ் சர்வர் இப்பவே தொங்கி நிக்குது. முதல்ல என்ன பண்ணணும்?

ரீஸ்டார்ட் செய்யக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் டம்ப் எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகள் ஓடுவதால் வரும் பிழைகளில் டெட்லாக் ஒன்றுதான் சாட்சியத்தை அழிக்காமல் அப்படியே நின்றுகொண்டிருக்கும். டேட்டா ரேஸ் (இரண்டு த்ரெட்டுகள் லாக் இல்லாமல் ஒரே டேட்டாவைத் தொட்டு, ஒன்றாவது அதை மாற்றுவது) நடந்து முடிந்ததும் தடயம் போய்விடும். டெட்லாக்கில் குற்றவாளிகள் எல்லாரும் சம்பவ இடத்திலேயே, கையில் லாக்கோடு நிற்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்த கணத்தில் அத்தனையும் போய்விடும். பிறகு அது எப்போது திரும்ப வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

ஜாவாவில் ஜேஸ்டாக், அல்லது ஜேசிஎம்டி-யில் த்ரெட்.பிரின்ட். இரண்டும் கையில் இல்லையென்றால் கில் -3 அனுப்பினால் போதும். டம்ப் அந்த ப்ராசஸின் வழக்கமான வெளியீட்டில் விழும், ப்ராசஸ் சாகாது. இது ஜாவாவுக்குத்தான் பொருந்தும். கோ மொழி ப்ரோக்ராமுக்கு அதே சிக்னல் அனுப்பினால் எல்லா கோரூட்டீனின் (கோ மொழியின் இலகுவான த்ரெட்) ஸ்டேக்கையும், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கையும், கொட்டிவிட்டுச் செத்துப்போகும். சி++ என்றால் ஜிகோர் மூலம் கோர் கோப்பு எடுத்துவைத்துக்கொண்டு பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பைத்தானுக்குப் பை-ஸ்பை என்ற கருவி, ஓடும் ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்யாமலே ஸ்டேக் காட்டும். கண்டெய்னருக்குள் ஓடும் ப்ராசஸில் இவற்றில் சில அனுமதி இல்லாமல் தோற்கும். அதை அவசர நேரத்தில் கண்டுபிடிப்பதை விட முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைப்பது நல்லது.

5. ஜாவா டம்ப் ஆயிரக்கணக்கான வரி வருது. எங்கேருந்து படிக்கிறது?

கடைசியிலிருந்து. ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் இயந்திரம்) தானே வட்டத்தைத் தேடிப் பார்க்கிறது. கிடைத்தால் 'ஃபவுண்ட் ஒன் ஜாவா-லெவல் டெட்லாக்' என்ற தலைப்பு டம்ப்பின் அடிப்பகுதியில் இருக்கும். அதன் கீழே எந்த த்ரெட், எந்த லாக்குக்குக் காத்திருக்கிறது, அதை யார் வைத்திருக்கிறார் என்று சுருக்கமாகவும், பிறகு அந்த த்ரெட்டுகளின் ஸ்டேக்கும் வரும்.

நமது பண மாற்ற உதாரணத்தையே வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு லாக்குக்கும் ஒரு முகவரி எண் இருக்கும். முதல் த்ரெட்டின் ஸ்டேக்கில், 8210 என்று முடியும் முகவரியின் எதிரே 'லாக்ட்' என்றும், 8240 என்று முடியும் முகவரியின் எதிரே 'வெயிட்டிங் டு லாக்' என்றும் இருக்கிறது. இரண்டாவது த்ரெட்டில் இது அப்படியே தலைகீழ்: 8240 'லாக்ட்', 8210 'வெயிட்டிங் டு லாக்'. இந்த இரண்டு எண்களையும் வட்டமிட்டுக்கொண்டால் கதை முடிந்தது. அடுத்து பார்க்க வேண்டியது 'லாக்ட்' என்ற வரிக்கு நேர் மேலே இருக்கும் ஃபங்ஷன் பெயரும் வரி எண்ணும் அல்ல. 'லாக்ட்'டிலிருந்து 'வெயிட்டிங்' வரை இடையில் உள்ள அழைப்புகள் முழுவதும். ஒரு லாக்கை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடிப் போன பாதை அதுதான். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அந்தப் பாதையின் நடுவில் இருக்கும்.

இதையே ப்ரோக்ராமுக்குள்ளிருந்தும் கேட்கலாம். த்ரெட்எம்எக்ஸ்பீன் தரும் ஃபைண்ட்டெட்லாக்டுத்ரெட்ஸ் மெதடை நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, ஏதாவது கிடைத்தால் டம்ப்பைப் பதிவு செய்து எச்சரிக்கை அனுப்பும் ஒரு சின்ன த்ரெட்டை எழுதி வைத்தால், பயனர் புகார் சொல்லும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

6. டம்ப்ல 'டெட்லாக்' அப்படின்னு எதுவுமே வரல. ஆனா தொங்கித்தான் நிக்குது. அப்படின்னா டெட்லாக் இல்லையா?

இருக்கலாம். ஜேவிஎம் வட்டம் தேடுவது 'உரிமையாளர் யார்' என்று தெரிந்த லாக்குகளில் மட்டும்தான்: சிங்க்ரனைஸ்டு பிளாக், ரீஎன்ட்ரன்ட்லாக் போன்றவை. செமஃபோரை (இத்தனை பேர் வரை என்று எண்ணி அனுமதி தருவது) யார் விடுவார் என்று ஜேவிஎம்முக்குத் தெரியாது. எந்த த்ரெட் வேண்டுமானாலும் விடலாம். கவுண்ட்டவுன்லாட்ச், பிளாக்கிங் க்யூ எல்லாம் அப்படியே. ரீட்-ரைட் லாக்கில் ரீட் பக்கத்தைப் பலர் வைத்திருக்கலாம் என்பதால் அதற்கும் ஒற்றை உரிமையாளர் இல்லை.

அடிக்கடி மாட்டுவது த்ரெட் பூல் பட்டினி. 4 த்ரெட் உள்ள பூலில் 4 வேலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அதே பூலுக்கு ஒரு துணை வேலையை அனுப்பிவிட்டு, அதன் விடைக்காக நிற்கிறது. துணை வேலையை ஓட்ட த்ரெட் மிச்சம் இல்லை. இதில் லாக் என்று ஒன்றுமே இல்லை, ஆனால் 3-இல் சொன்ன நான்கும் பொருந்துகின்றன. இங்கே போட்டி த்ரெட்டுக்குத்தான். டம்ப்பில் பூல் த்ரெட்டுகள் அத்தனையும் ஃப்யூச்சரின் (பின்னால் வரப்போகும் விடைக்கான ஆப்ஜெக்ட்) கெட் மெதடில் நின்றால் இதுதான். துணை வேலைகளுக்குத் தனிப் பூல் கொடுங்கள், அல்லது காத்திருக்காமல் முடிந்ததும் தொடரும்படி மாற்றி எழுதுங்கள்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் மண்டையைக் குடையும்: இரண்டு கிளாஸ்களின் ஸ்டாட்டிக் பகுதிகள் ஒன்றையொன்று தொட்டு, இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் அவற்றை ஏற்றத் தொடங்கினால், கிளாஸ் துவக்கத்திலேயே டெட்லாக் ஆகும். டம்ப்பில் அந்த த்ரெட் 'ரன்னபிள்' என்று காட்டும், சிபியூவோ அசையாது. ஸ்டேக்கில் 'சிலினிட்' என்ற பெயரைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. சி++ல ஜேவிஎம் மாதிரி சொல்ல யாரும் இல்லையே. அங்க என்ன வழி?

லினக்ஸில் ஜிடிபி-யை அந்த ப்ராசஸில் இணைத்து 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' கொடுங்கள். எல்லா த்ரெட்டின் ஸ்டேக்கும் வரும். உச்சியில் லாக்குக்காக நிற்கும் ஃபங்ஷன் இருக்கும் த்ரெட்டுகளைப் பொறுக்குங்கள். அவை காத்திருக்கும் பிதிரெட் மியூடெக்ஸை, அதாவது லாக்கை, அச்சிட்டால் உள்ளே 'ஓனர்' என்ற புலம் இருக்கும். அதிலுள்ள எண், 'இன்ஃபோ த்ரெட்ஸ்' கட்டளை காட்டும் எல்டபிள்யூபி எண்ணோடு (லினக்ஸ் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தரும் எண்) பொருந்தும். அந்த த்ரெட்டுக்குப் போய் அது யாருக்குக் காத்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று தாவலில் வட்டம் மூடிவிடும். கையால் செய்யும் வேலைதான், ஆனால் ஒருமுறை செய்து பழகியவருக்குச் சில நிமிடம்.

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரில் ப்ராசஸின் மேல் வலது கிளிக் செய்தால் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று இருக்கும். முதல் பார்வைக்கு அது போதும்.

8. கோ, பைத்தான், ரஸ்ட்லயெல்லாம் இந்தத் தொல்லை இல்லைன்னு சொல்றாங்களே?

யார் சொன்னது? கோ மொழியில் எல்லா கோரூட்டீனும் தூங்கிவிட்டால் மட்டும் ரன்டைம் கத்திவிட்டு நிறுத்தும். ஒன்றே ஒன்று விழித்திருந்தாலும் வாய் திறக்காது; ஒரு வெப் சர்வரில் எப்போதும் ஏதோ ஒன்று விழித்திருக்கும். பைத்தானின் ஜிஐஎல் (இன்டர்பிரட்டருக்கான ஒரே பொது லாக்) ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் பைட்கோடு ஓட்ட விடும், ஆனால் நீங்கள் போட்ட லாக்குகளின் வரிசைக்கு அது பொறுப்பில்லை. ரஸ்ட் கம்பைலர் டேட்டா ரேஸைத் தடுக்கும், டெட்லாக்கைத் தடுக்காது.

9. டெஸ்டிங்ல ஆயிரம் தடவை ஓட்டினாலும் வரல, லைவ்ல மட்டும் வருது. முன்னாடியே பிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். டெட்லாக்கைப் பிடிக்க டெட்லாக் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த லாக்கை வைத்துக்கொண்டு எந்த லாக் பிடிக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் போதும். ஒரு த்ரெட் காலையில் ஒருமுறை 'அ' பிடித்துப் பிறகு 'ஆ' பிடித்தது. இன்னொரு த்ரெட் மாலையில் 'ஆ' பிடித்துப் பிறகு 'அ' பிடித்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதவே இல்லை. ஆனாலும் வரிசை முரண்பட்டுவிட்டது, என்றோ ஒருநாள் மோதும். அந்த முரண்பாட்டையே பிழையாகக் காட்டிவிடலாம்.

லினக்ஸ் கெர்னலில் லாக்டெப் செய்வது இதைத்தான். இங்கோ மோல்னார் எழுதியது. 2006-இல் வெளிவந்த 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. உங்கள் சி++ ப்ரோக்ராமுக்கு த்ரெட்சானிட்டைசர் போட்டு பில்ட் செய்து, இருக்கும் டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். 'லாக் ஆர்டர் இன்வெர்ஷன்' என்று சொல்லும். மறுபடி பில்ட் செய்ய முடியாதென்றால் வால்கிரைண்டில் உள்ள ஹெல்கிரைண்ட், வேகம் மிகக் குறைவு என்றாலும் வேலை ஆகும். இரண்டு பாதையும் டெஸ்ட்டில் ஒருமுறையாவது ஓட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஓடாத பாதையில் உள்ளதை எந்தக் கருவியும் காணாது.

சில சமயம் பொய் எச்சரிக்கையும் வரும். 'அ', 'ஆ' இரண்டையும் பிடிக்கும் முன் எல்லோரும் 'இ' என்ற மூன்றாவது லாக்கைப் பிடிக்கிறார்கள் என்றால், உள்ளே வரிசை மாறினாலும் மோதல் வராது. கருவி கத்தலாம். அப்படிப்பட்ட இடத்திலும் வரிசையைச் சரிசெய்துவிடுவதையே நான் விரும்புவேன். நாளைக்கு யாராவது 'இ' தேவையில்லை என்று எடுத்துவிடுவார்கள்.

10. ரெண்டு த்ரெட்தானே மாட்டியிருக்கு? ஒண்ணை மட்டும் கொன்னுட்டா இன்னொண்ணு போயிடுமே?

போகும், எங்கே போகும் என்பதுதான் கேள்வி. 101-லிருந்து தொகையைக் கழித்துவிட்டு 202-இல் சேர்க்கும் முன் ஒரு த்ரெட் செத்தால், பாதி மாறிய டேட்டா அப்படியே நிற்கும். அதுவரை செய்ததைத் திரும்ப எடுக்க த்ரெட்டுக்கு ரோல்பேக் கிடையாது. சி++-இல் இன்னொரு தொல்லை: செத்த த்ரெட் பிடித்திருந்த மியூடெக்ஸ் பல சமயம் விடுபடாமலே போகும், அடைப்பு நீங்காது. ஜாவாவின் த்ரெட்.ஸ்டாப் லாக்குகளை விட்டுவிடும், அதனாலேயே ஆபத்து. உடைந்த டேட்டாவை மற்ற த்ரெட்டுகள் பார்த்துவிடும். அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெகுகாலம் சொல்லிப் பார்த்தார்கள். ஜாவா 20 முதல் அதைக் கூப்பிட்டால் எக்ஸெப்ஷன்தான் வரும்.

ஆகவே, சாதாரண த்ரெட் ப்ரோக்ராமில் நடந்துவிட்ட டெட்லாக்குக்கு மருந்து, டம்ப் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வதுதான். கண்டுபிடிப்பது சுலபம். ஓடுகிற நிலையில் அவிழ்ப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்: லாக்இன்டரப்டிப்ளி (காத்திருக்கும்போதே இன்டரப்ட் செய்து எழுப்பக்கூடியது) அல்லது டைம்அவுட் உள்ள லாக் போட்டு, பின்வாங்கும்போது டேட்டாவைச் சரிசெய்யும் கோடும் எழுதியிருக்க வேண்டும். சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்காகக் காத்திருக்கும் த்ரெட்டை இன்டரப்ட் செய்தும் எழுப்ப முடியாது.

11. அப்போ டேட்டாபேஸ் மட்டும் எப்படித் தானா அவிழ்க்குது?

அதற்கு ரோல்பேக் இருக்கிறது. ஒரு ட்ரான்ஸாக்ஷனை (முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காத மாற்றங்களின் தொகுப்பு) பலி கொடுத்தால் அது செய்த மாற்றம் எல்லாம் சுத்தமாகத் திரும்பிவிடும், லாக்குகள் விடுபடும், மற்றது முன்னே போகும். மைஎஸ்க்யூஎல்-இன் இன்னோடிபி வட்டத்தைக் கண்டதும், டேபிளில் குறைவான வரிகளை (ரோக்களை) மாற்றிய ட்ரான்ஸாக்ஷனைப் பொதுவாகப் பலியாக்கி 1213 என்ற பிழை எண்ணைத் தருகிறது. போஸ்ட்கிரெஸ் உடனே தேடுவதில்லை. ஒரு லாக்குக்காக 1 விநாடி காத்திருந்த பிறகுதான் வட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த 1 விநாடி மாற்றக்கூடிய அமைப்பு. எஸ்க்யூஎல் சர்வரில் தனி மானிட்டர் த்ரெட் வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை சுற்றி வரும், டெட்லாக் தென்பட்டால் அதைவிட அடிக்கடி.

உங்கள் பங்குக்கு ஒன்று: பலியான ட்ரான்ஸாக்ஷனைத் திரும்ப முயல வேண்டும். கடைசி ஸ்டேட்மென்ட்டை மட்டும் திரும்ப அனுப்பினால் தப்பு. முதல் செலெக்ட்டிலிருந்து முழுவதும் மறுபடி ஓட வேண்டும், ஏனென்றால் நீங்கள் படித்த மதிப்புகள் இதற்குள் மாறியிருக்கலாம்.

12. சரி, கோடுல நிரந்தரமா தீர்க்க என்ன வழி?

லாக் வரிசை. எல்லா லாக்குக்கும் ஒரு வரிசை வையுங்கள். யாராக இருந்தாலும் அந்த வரிசையில் மேலேயிருந்து கீழாகத்தான் பிடிக்க வேண்டும். வட்டம் உருவாக வேண்டுமானால் எங்காவது ஒருவர் கீழேயிருந்து மேலே போக வேண்டும், அதுதான் தடை. பண மாற்ற உதாரணத்தில், கொடுப்பவர் யார் வாங்குபவர் யார் என்று பார்க்காமல், சிறிய கணக்கு எண்ணின் லாக்கை முதலில் பிடிக்கிறோம். இரு திசையில் போகும் இரண்டு த்ரெட்டும் 101-ஐத்தான் முதலில் கேட்கும். தோற்றது கையில் எதுவுமில்லாமல் காத்திருக்கும். இரண்டு வரி மாற்றம்.

வரிசைப்படுத்த எண் இல்லாத ஆப்ஜெக்ட் என்றால், உருவாகும்போதே ஏறுவரிசையில் ஒரு எண் கொடுத்துவிடுங்கள். ஜாவாவில் ஐடென்டிட்டிஹாஷ்கோட் வைத்து ஒப்பிடுவதும் உண்டு, ஆனால் இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு ஒரே எண் வர வாய்ப்பிருக்கிறது. அந்தச் சமநிலைக்கென்று மூன்றாவதாக ஒரு லாக் வைத்து அதை முதலில் பிடிக்க வேண்டும். கிளாஸ்களுக்கு இடையிலான வரிசையை எழுதி வையுங்கள்: 'கேஷ் லாக்குக்கு முன் செஷன் லாக்' என்று ஒரு கமென்ட் போதும். வரிசை யார் மனதிலோ மட்டும் இருந்தால் புதிதாகச் சேருபவர் அதை மீறுவார், அவர் மேல் பிழையும் இல்லை.

சி++17-இல் ஸ்கோப்டு_லாக்குக்கு இரண்டு மியூடெக்ஸையும் சேர்த்துக் கொடுத்தால் அதுவே டெட்லாக் வராமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் கையில் இருக்க வேண்டும். ஒன்றை இந்த ஃபங்ஷனிலும் மற்றதை அது கூப்பிடும் ஃபங்ஷனிலும் பிடித்தால் பயனில்லை.

13. வரிசையெல்லாம் யார் பாக்கறது? ட்ரைலாக்ல டைம்அவுட் போட்டுட்டா போதாதா?

போதாது, ஆனால் பயனற்றதும் இல்லை. டைம்அவுட் ஆனதும் கையிலிருக்கும் எல்லா லாக்கையும் விட்டுவிட்டுத் திரும்ப முயல வேண்டும். 'எல்லாவற்றையும்' என்பதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் லாக்கை வைத்துக்கொண்டே இரண்டாவதைத் திரும்பத் திரும்பக் கேட்பது, டெட்லாக்கைச் சத்தத்தோடு செய்வது. இரண்டு த்ரெட்டும் ஒரே கால அளவில் விட்டு, ஒரே கால அளவில் திரும்ப வந்தால் மறுபடி மோதும், இதுதான் லைவ்லாக். திரும்ப முயலும் முன் சீரற்ற ஒரு சிறு இடைவெளி விட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும்.

எவ்வளவு டைம்அவுட் வைப்பது என்பதற்கும் நல்ல விடை கிடையாது. குறைவாக வைத்தால் நெரிசல் நேரத்தில் டெட்லாக்கே இல்லாமல் தோற்கும், கூடுதலாக வைத்தால் பயனர் காத்திருப்பார். என் வழக்கம்: வரிசைதான் தீர்வு, டைம்அவுட் அலாரம். அலாரம் அடித்தால் வரிசை எங்கோ மீறப்பட்டிருக்கிறது என்று பொருள்.

14. எல்லாத்துக்கும் ஒரே பெரிய லாக் போட்டுட்டா பிரச்சனையே இல்லையே, ஏன் யாரும் அப்படிப் பண்றதில்லை?

பண்ணலாம், நான் தடுக்க மாட்டேன். ஒரே லாக் என்றால் வட்டம் இல்லை. லாக்கைப் பிடித்திருக்கும் நேரம் மிகக் குறைவு என்றால் ஒரு பெரிய லாக் தாராளமாகத் தாங்கும். அளந்து பார்க்காமலே ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரு லாக் என்று பிரித்து, வேகமும் வராமல் டெட்லாக்கையும் வாங்கிக்கொண்ட கோடுதான் அதிகம். பெரியதில் தொடங்குங்கள். நெரிசல் அளவீட்டில் தெரிந்த பிறகு பிரியுங்கள், பிரிக்கும்போதே வரிசையையும் எழுதிவிடுங்கள்.

15. ரீஎன்ட்ரன்ட் லாக் போட்டிருக்கேன். அதனால டெட்லாக் வராதுல்ல?

அதே த்ரெட் அதே லாக்கை இரண்டாம் முறை கேட்டால் மாட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். 1-இல் உள்ள உதாரணத்தில் ரீஎன்ட்ரன்ட் லாக் போட்டாலும் அப்படியேதான் தொங்கும். ஜாவாவின் சிங்க்ரனைஸ்டு இயல்பிலேயே ரீஎன்ட்ரன்ட்தான். பைத்தானின் சாதாரண லாக், கோ மொழியின் மியூடெக்ஸ் இரண்டும் அப்படியில்லை. தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். ஜாவாவின் ரீஎன்ட்ரன்ட்ரீட்ரைட்லாக்கில் ரீட் லாக்கை வைத்துக்கொண்டே ரைட் லாக்கைக் கேட்டால், ஒரே த்ரெட் தன்னந்தனியாக டெட்லாக் ஆகும். ரைட், எல்லா ரீட்டும் விடுபடக் காத்திருக்கும். அதில் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. 6-இல் சொன்ன காரணத்தால் டம்ப்பும் டெட்லாக் என்று அறிவிக்காது. ரைட்டிலிருந்து ரீட்டுக்கு இறங்கலாம், ரீட்டிலிருந்து ரைட்டுக்கு ஏற முடியாது.

16. என் கிளாஸ்ல ஒரே ஒரு லாக்தான் இருக்கு. என் கோடுனால டெட்லாக் வர வாய்ப்பே இல்லைதானே?

அந்த லாக்கை வைத்துக்கொண்டு யாரையாவது கூப்பிடுகிறீர்களா? கால்பேக், லிஸனர், பதிவு எழுதும் லைப்ரரி, யாரோ எழுதிய ஈக்வல்ஸ் மெதட் எதுவாக இருந்தாலும், அதன் உள்ளே இன்னொரு லாக் இருக்கலாம். அந்த இன்னொரு லாக்கின் சொந்தக்காரர் அதை வைத்துக்கொண்டு உங்கள் கிளாஸைக் கூப்பிடலாம். இரண்டு கிளாஸும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால் வட்டம். லாக்குக்குள் லிஸனர் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு, லாக்கை விட்ட பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுவதுதான் வழக்கமான மருந்து.

த்ரெட்டுகள் ஓடும் ப்ராசஸை ஃபோர்க் செய்வதும், அதாவது அதன் பிரதியாக ஒரு குழந்தை ப்ராசஸை உண்டாக்குவதும், இதே கணக்கு. குழந்தைக்கு, ஃபோர்க் செய்த த்ரெட் மட்டும்தான் வரும். மற்றொரு த்ரெட் பிடித்திருந்த லாக் பூட்டியபடியே வரும், விடுவதற்கு ஆள் வராது. ஃபோர்க் செய்தவுடன் எக்ஸெக் (அதன் இடத்தில் வேறு ப்ரோக்ராமை ஏற்றுவது) செய்துவிடுங்கள், நடுவில் வேறெதுவும் வேண்டாம்.

17. பேங்கர்ஸ் அல்காரிதம் யாராவது நிஜமா யூஸ் பண்றாங்களா?

டைக்ஸ்ட்ரா 1960-களில் கொடுத்த அழகான கருத்து: கேட்டதைக் கொடுத்த பிறகும் எல்லோரும் முடிக்க வழி இருக்குமா என்று கணக்குப் பார்த்த பிறகே கொடுப்பது. ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலேயே சாதாரணக் கோடுக்கு அது பொருந்தாமல் போகிறது. பரீட்சைக்குப் படியுங்கள்.

18. கனெக்ஷன் பூல்ல 10 கனெக்ஷன் வச்சிருக்கோம். லோடு வந்தா மொத்தமா நின்னுடுது, டேட்டாபேஸ்காரங்க 'எங்க பக்கம் ஒண்ணும் இல்லை'ங்கறாங்க.

ஒரு ரிக்வெஸ்ட் ஒரு கனெக்ஷனை வைத்துக்கொண்டே இரண்டாவது கனெக்ஷன் கேட்கிறதா என்று பாருங்கள். ஆடிட் பதிவைத் தனி ட்ரான்ஸாக்ஷனில் எழுதும் கோடில் இது ஒளிந்திருக்கும். 10 த்ரெட் ஆளுக்கொரு கனெக்ஷன் எடுத்துவிட்டு, அடுத்த ஒன்றுக்கு நிற்கின்றன. 6-இல் சொன்ன பூல் பட்டினியேதான், பொருள் மட்டும் வேறு. 10 த்ரெட்டுக்கு ஆளுக்கு 2 வேண்டுமென்றால் 11 கனெக்ஷன் இருந்தால் டெட்லாக் வராது: எல்லோரும் ஒன்று எடுத்த பிறகும் ஒன்று மிஞ்சும், அதை வாங்கியவர் முடித்துவிட்டு இரண்டையும் திருப்பித் தருவார். அதிகபட்ச த்ரெட் எண்ணிக்கைக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். அதைவிட, இரண்டாவது கனெக்ஷன் தேவையே இல்லாமல் எழுத முடியுமா என்று பாருங்கள்.

19. சில நேரம் சரியா 50 விநாடி தொங்கிட்டு, பிறகு தானா ஓட ஆரம்பிச்சுடுது. ஜாவா டம்ப்லயும் டெட்லாக் இல்லை, மைஎஸ்க்யூஎல்லயும் 1213 இல்லை. இது என்ன?

அந்த 50 தான் துப்பு. இன்னோடிபி டேபிளின் ஒரு வரியின் லாக்குக்காகக் காத்திருக்கும் இயல்பான அதிகபட்ச நேரம் 50 விநாடி. வட்டம் இரண்டு உலகத்திலும் பாதிப்பாதியாக இருக்கிறது. முதல் த்ரெட் ஒரு சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் இருந்துகொண்டு ஒரு வரியை அப்டேட் செய்ய நிற்கிறது. இரண்டாவது த்ரெட் அந்த வரியை ஏற்கெனவே அப்டேட் செய்துவிட்டு, கமிட் செய்யும் முன் அதே சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் நுழையக் காத்திருக்கிறது. ஜேவிஎம்முக்கு வரி லாக் தெரியாது. முதல் த்ரெட் ஏதோ சாக்கெட்டில் படித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கும். டேட்டாபேஸுக்கு ஜாவா லாக் தெரியாது. இரண்டாவது கனெக்ஷன் சும்மா இருப்பதாகத்தான் நினைக்கும். 50 விநாடி ஆனதும் முதல் த்ரெட்டுக்கு டைம்அவுட் எக்ஸெப்ஷன் வந்து, அது பிளாக்கை விட்டு வெளியே விழ, எல்லாம் நகர்கிறது.

உறுதிப்படுத்த, தொங்கும் அந்த 50 விநாடிக்குள் ஜாவா டம்ப்பையும் டேட்டாபேஸின் லாக் காத்திருப்புப் பட்டியலையும் சேர்த்து எடுத்து, கனெக்ஷன் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். போஸ்ட்கிரெஸில் லாக் டைம்அவுட் இயல்பாக 0, அதாவது வரம்பு இல்லை. அங்கே இதே கோடு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மருந்து 12-இல் உள்ளதுதான், ஆனால் வரிசையில் டேட்டாபேஸையும் ஒரு லாக்காகச் சேர்க்க வேண்டும்: ஒன்று, ட்ரான்ஸாக்ஷன் தொடங்கும் முன்பே ஜாவா லாக்கைப் பிடித்து, கமிட் ஆன பிறகே விடுங்கள், அல்லது ஜாவா லாக்கை வைத்துக்கொண்டு டேட்டாபேஸைத் தொடவே தொடாதீர்கள். முதல் வழியை எடுத்தால், ட்ரான்ஸாக்ஷனை ஃப்ரேம்வொர்க் அனோட்டேஷன் தொடங்கி வைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்க்ரனைஸ்டு போட்ட மெதடின் தலையிலேயே அந்த அனோட்டேஷனும் இருந்தால், பொதுவாக ட்ரான்ஸாக்ஷன் லாக்குக்கு முன்பே தொடங்கிவிடும், லாக் விட்ட பிறகுதான் கமிட் ஆகும்.